தறிப்பதற்கு முன் வேரைப் பார்

யாழ்ப்பாண நகரிலிருந்து கண்டி வீதி வழியே கிழக்கு நோக்கிச் செல்வோருக்கு, நகரத்தின் நெருக்கம் குறைந்து வளவுகள் அகலத் தொடங்கும் இடம் அரியாலை. தெற்கே கடனீரேரியும், உள்ளே தோட்டங்களும் குடிமனைகளும், அவற்றின் கூரைகளுக்கு மேலே தலை நீட்டி நிற்கும் வேம்பும் மாவும் தென்னையும் பனையும் அவ்வூரின் இயல்பான தோற்றம். சோளகம் வீசும் வெயிற்காலத்தில் நிழலுக்காகப் போற்றப்படும் இதே மரங்கள், கார்த்திகை பிறந்து வங்கக் கடலில் தாழமுக்கம் உருவாகியிருப்பதாக வானொலி அறிவித்தவுடன் அச்சத்துக்குரிய பொருள்களாகிவிடுகின்றன. 1964 டிசெம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் வட இலங்கையையும் கடுமையாகத் தாக்கியது; 2020 டிசெம்பரில் புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையை ஊடறுத்தது. ஆதலால் அச்சம் நியாயமானதே. எனினும், அச்சத்தின் வேகத்தில் கோடாலியை எடுப்பவர் அபாயமான மரத்தை விட்டுவிட்டு நிரபராதியான மரத்தைத் தறித்துவிடுவதும் உண்டு.

காற்றின் விசை அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது. அதாவது மணிக்கு 40 கிலோமீற்றர் வேகக் காற்று 80 கிலோமீற்றராகும்போது மரத்தின்மீதான அழுத்தம் இரு மடங்கன்று, நான்கு மடங்காகிறது. அவ்விசையைத் தலையில் ஏற்கும் மரம் ஒரு நெடிய நெம்புகோலாகத் தன் அடியைப் பெயர்க்க முயல, அதனைத் தடுத்து நிறுத்துவன வேர்களே. மரத்தின் உயரத்துக்குச் சமமான ஆழத்துக்கு வேர் இறங்கியிருக்கும் என்பது பலரது நம்பிக்கை. உண்மையில் பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணின் ஒரு மீற்றருக்குள்ளேயே, கிளைகளின் பரப்பையும் கடந்து பக்கவாட்டில் ஓடுகின்றன. குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல்லின்மேல் அமைந்தது. அக்கல் மேலெழுந்துள்ள இடங்களில் வேர் ஆழச் செல்ல இயலாது. மணற்பாங்கான நிலத்திலோ, மாரியில் நிலத்தடி நீர் உயர்ந்து மண்ணின் பிடிப்பைத் தளர்த்திவிடுகிறது. புயலின் உச்சத்தில் தப்பிய மரம், மழை ஓய்ந்த மறுநாள் சாதாரணக் காற்றுக்குச் சாய்வதன் இரகசியம் இதுவே.

இயற்கையின் இக்குறைகளோடு மனிதன் சேர்க்கும் குறை பெரிது. கிளுவையும் பூவரசும் நட்டுக் கிடுகால் அடைத்த வேலிகள் மறைந்து, எல்லைதோறும் மதில்கள் எழுந்துவரும் காலம் இது. மதிலின் அத்திவாரத்துக்காக வெட்டப்படும் கிடங்கு, எல்லையோரத்து வேம்பின் ஒரு பக்க வேர்கள் முழுவதையும் ஒரே நாளில் அறுத்துவிடுகிறது. எஞ்சிய வேர்கள் நீரும் உணவும் அளிப்பதால் இலைகள் பச்சையாகவே இருக்கும். மரத்துக்கு ஊறு நேர்ந்ததாக ஒருவரும் எண்ணார். அறுபட்ட முனைகளில் பூஞ்சணம் நுழைந்து, ஆண்டுகள் சில கழிந்து, மதில் இருந்த திசையிலிருந்து ஒரு பெருங்காற்று வீசும்போது, பிடித்திழுக்க வேண்டிய வேர் அங்கே இல்லாமையால் மரம் வீட்டின்மேல் விழுகிறது. பழி காற்றைச் சேர்கிறது.

ஆகையால் அபாயத்தை அளக்க வருபவர் முதலில் அண்ணாந்து பார்ப்பதில்லை, அடியைப் பார்க்கிறார். இளமை முதலே சாய்ந்து வளர்ந்த மரம், அச்சாய்வுக்கு ஈடாகத் தன் மரநாரை வலுப்படுத்திக்கொண்டிருக்கும். அண்மையில் சாய்ந்து, அடியில் மண் வெடித்தோ ஒரு பக்கம் மேலெழுந்தோ காணப்படும் மரமே அஞ்சத்தக்கது. வேரடியிற் காளான் முளைத்திருப்பதும் தீய குறி. அடுத்து, தண்டைச் சுற்றி மரச்சுத்தியலால் தட்டிப் பார்த்தால், உள்ளே கோறையாகிய இடத்தில் ஓசை வேறுபடும். கோறை விழுந்த மரமெல்லாம் விழும் மரமன்று. தண்டின் அரை ஆரையளவு உட்குடைவு ஏற்பட்டாலும், வளைவை எதிர்க்கும் ஆற்றலில் பதினாறில் ஒரு பங்கே குறையும்; குடைவு பத்தில் ஏழு பங்கானால் ஏறக்குறையக் காற்பங்கும், பத்தில் ஒன்பதானால் மூன்றில் இரு பங்களவும் குறைந்துவிடும். சுற்றுச்சுவரின் தடிப்பு ஆரையின் பத்தில் மூன்று பங்குக்குக் கீழே இறங்கலாகாது என்று ஜெர்மானிய ஆய்வாளர் கிளவுஸ் மத்தெக் வகுத்த விதி இக்கணக்கோடு ஒத்துப்போகிறது.

பனையும் தென்னையும் வேறு இனம். வேம்பும் மாவும் புதிய மரநாரால் புண்ணைச் சூழ்ந்து மூடிக்கொள்ளும். பனையினத் தண்டுக்கு அந்த வசதி இல்லை. குருத்து ஒன்றே அதன் உயிர்நிலை. போரில் எறிகணையால் தலையிழந்த பனைகள் மீண்டும் துளிராமல் மொட்டையாய் நின்று மடிந்தமைக்கு அதுவே காரணம். தென்னையின் அடியை அழிக்கும் கனோடெர்மா பூஞ்சண நோய், 1952ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின் தஞ்சாவூரில் கண்டறியப்பட்டமையால் தஞ்சாவூர் வாடல் நோய் எனப்பட்டது. அடித்தண்டிலிருந்து செந்நிறச் சாறு கசியும் தென்னையை வீட்டருகே விட்டுவைத்தல் தகாது.

அகற்றியே தீரவேண்டும் என்று முடிவானபின், வீட்டருகே நிற்கும் மரத்தை அடியில் வெட்டிச் சாய்ப்பதற்கு இடமிராது. மேலிருந்து கீழாக, கொப்புக் கொப்பாக, துண்டு துண்டாக இறக்குவதே முறை. அரை மீற்றர் விட்டமும் ஒரு மீற்றர் நீளமும் கொண்ட பச்சைமரத் துண்டு ஏறத்தாழ 180 கிலோகிராம் நிறையுள்ளது. அதனை ஓட்டுக் கூரைக்கு மேலே தொங்கவிட்டு இறக்கும் வல்லமை, கீழே நிற்பவர் தண்டில் வடத்தைச் சுற்றும் யுக்தியில் அடங்கியிருக்கிறது. உராய்வுக் குணகம் 0.25 என்று கொண்டால், ஒரு சுற்று இழுவிசையை ஏறக்குறைய 5 மடங்காகவும், இரு சுற்று 23 மடங்காகவும், மூன்று சுற்று 111 மடங்காகவும் பெருக்கும். அத்துண்டை ஒருவர் தனியே தாங்கி மெல்ல இறக்குவது இவ்வாறே. மின்கம்பி அருகே இருப்பின், மின்சாரத்தைத் துண்டித்தபின்னரே ஏறவேண்டும். யாழ்ப்பாணத்துக்கே உரிய மற்றோர் எச்சரிக்கையும் உண்டு: போர்க்காலச் சன்னங்களை விழுங்கி வளர்ந்த தண்டுகளில் இயந்திர வாளின் சங்கிலி அறுந்து, பிடித்திருப்பவரைக் காயப்படுத்தக்கூடும்.

சட்டமும் இவ்விஷயத்தில் மௌனமாக இல்லை. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை, அயல் வளவின்மேல் சாய்ந்த மரத்தின் கனி எவருக்குரியது என்பதைப் பேசிற்று. 1951ஆம் ஆண்டின் மரந்தறித்தற் கட்டுப்பாட்டுச் சட்டம், பலாவையும் ஈரப்பலாவையும் பெண்பனையையும் அனுமதியின்றித் தறிப்பதைத் தடுத்தது. அவ்வனுமதிக்குப் பிரதேச செயலகத்தை நாடும் நாள்களை வீண்தாமதமாகக் கருதாமல், மரத்தை நன்கு பரிசோதிக்கக் கிடைத்த அவகாசமாகக் கொள்ளலாம். அப்பரிசோதனையில், உலர்ந்த கொப்புகளை மட்டும் நீக்கினால் போதும் என்று தெரியவருவதும் அரிதன்று.

புதிதாக மதில் கட்டுவோர், மரத்தை நெருங்கும் இடத்தில் தொடர் அத்திவாரத்தை நிறுத்தி, பெருவேர்களை விலக்கித் தூண்களை நட்டு, அவற்றின்மேல் கொங்கிறீற்று வளையைக் கொண்டுசென்றால், வேர் கீழே தடையின்றி ஓடும். அதற்கு ஆகும் செலவு, பின்னொருநாள் மரத்தைத் துண்டு துண்டாக இறக்கக் கொடுக்கும் கூலியைவிடப் பெரிதாகாது. கூரையும் பிழைக்கும், மரமும் பிழைக்கும்.