நான்காம் மாதத்திலேயே வேர்விடும் பிரஷர்

சாயல்குடிப் பக்கம் பிள்ளைத்தாச்சிக்குக் கால் வீங்கினால், "நீர் கோத்திருக்கு, பெத்தா வடிஞ்சிரும்" என்பார்கள் பாட்டிமார். பெரும்பாலும் அப்படித்தான் வடியும். ஆனால் விடாத தலைவலி, கண் மங்கல், நெஞ்சுக்குழி வலி ஆகியவையும் சேர்ந்தால் ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது.

இருபது வாரத்துக்குப் பிறகு பிரஷர் 140/90ஐ எட்டி, சிறுநீரில் புரதமும் இறங்கினால் அது ப்ரீ-எக்லாம்ப்சியா. முற்றினால் வலிப்பு வரும். ஊரில் ஜன்னி என்பார்கள்.

தலைகாட்டுவது ஏழு, எட்டாம் மாதத்தில் என்றாலும், கோளாறு வேர்விடுவது நஞ்சுக்கொடி பதியும் முதல் நான்கைந்து மாதங்களில். அப்போது நஞ்சுக்கொடியின் செல்கள் கருப்பைச் சுவரிலுள்ள சுருள் தமனிகளுக்குள் புகுந்து அவற்றை அகலமாக்க வேண்டும். சிலருக்கு அது பாதியில் நின்றுவிடுகிறது. வரத்துக்கால் தூர்ந்த கண்மாய்போல நஞ்சுக்கொடி வாடுகிறது. வாடிய நஞ்சுக்கொடி வெளியிடும் புரதங்கள் தாயின் ரத்தக்குழாய்களின் உட்சுவரைக் கெடுக்க, பிரஷர் ஏறுகிறது. சிறுநீரகம், கல்லீரல், மூளை வரை பாதிப்பு போகிறது. பிரஷர்தான் நஞ்சுக்கொடியைக் கெடுக்கிறது என்பது பாதி உண்மையே.

நல்ல நஞ்சுக்கொடி கருஞ்சிவப்பாக, அரைக் கிலோ அளவில் இருக்கும். இத்தாய்மாரிடம் அது சிறுத்து, ரத்தம் எட்டாத இடங்கள் வெளிறிக் கெட்டித்துக் கிடப்பதுண்டு. குழந்தையும் எடை குறைந்தோ, மாதம் நிறையாமலோ பிறக்கலாம். உடம்புச் சூடும் சர்க்கரையும் சட்டென்று இறங்கும் என்பதால், தாயின் நெஞ்சோடு அணைத்துவைப்பதும் உடனே தாய்ப்பால் கொடுப்பதும் இங்கே மருத்துவம்தான்.

சிறுநீரில் புரதம் இறங்குவதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். சோதனைக் குழாயில் சிறுநீரை எடுத்து மேல்பகுதியை மட்டும் சூடாக்குவார்கள். கலங்கினால் சில சொட்டு அசிட்டிக் அமிலம் விடுவார்கள். அதன் பிறகும் கலங்கல் தெளியவில்லை என்றால் புரதம் இருக்கிறது.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சாயல்குடியிலிருந்து ஏறக்குறைய 50 கி.மீ. அதனால், வலிப்பு அபாயம் தெரிந்தால் 108 வண்டியில் ஏற்றும் முன்பே மெக்னீசியம் சல்ஃபேட் ஊசியின் முதல் தவணையைப் போட்டுவிட வேண்டும். 33 நாடுகளில் நடந்து 2002இல் வெளியான மேக்பை ஆய்வு, வலிப்பு அபாயத்தை இம்மருந்து பாதிக்கு மேல் குறைப்பதைக் காட்டியது. முந்தைய பேற்றில் இந்நோய் வந்தவர்களுக்குப் பதினாறு வாரத்துக்குள் மருத்துவர் குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்குவதுண்டு. அதற்கு, தள்ளிப்போனதும் பதிவு செய்திருக்க வேண்டும்.

நம் வழக்கத்திலேயே ஓர் ஓட்டை இருக்கிறது. வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீடு போவது பிரஷர் ஏறும் அதே மாதங்களில்தான். ஊர் மாறுகிறது, கிராம சுகாதார செவிலியரும் மாறுகிறார். வளையலோடு பரிசோதனை அட்டையும் கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண்ணும் கூடப் போக வேண்டும்; போய்ச் சேர்ந்த வாரமே புது ஊர்ச் செவிலியர் பிரஷர் பார்க்க வேண்டும். பிரசவத்துக்குப் பிறகும் வலிப்பு வரக்கூடும் என்பதால், ஆறு வாரம்வரை அந்தப் பரிசோதனையை நிறுத்தக் கூடாது.