அடைப்புக்குறிக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெல்லம் 30 கிலோ சிப்பமாக ஏலம் போகிறது. எடை மாறாது, விலைதான் நாளுக்கு நாள் ஏறி இறங்கும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பல்லுறுப்புக் கோவையைக் கூட்டக் கழிக்கச் சொல்லித்தர இந்த மண்டிக் கணக்கே போதும்.

ஏலம் முடியும்வரை ஒரு சிப்பத்தின் விலை தெரியாது. அதை 'யா' என்று வைத்துக்கொள்வோம். 12 சிப்பம் எடுத்து, வண்டி வாடகை 400 ரூபாய் கொடுப்பவருக்குச் செலவு 12யா + 400. அதே விலையில் எடுக்கும் இன்னொருவருக்கு 8யா + 250. இருவருக்கும் சேர்த்து 20யா + 650. இதை 670யா என்று மண்டியில் யாரும் எழுதமாட்டார்கள். வகுப்பில் எழுதுவார்கள்.

பாடநூலில் எக்ஸ் என்று இருப்பதற்கு 'யா' என்ற பெயர் புதிதல்ல. பாஸ்கராச்சாரியர் 1150-ஆம் ஆண்டு வாக்கில் எழுதிய 'பீஜகணிதம்', தெரியாத எண்ணை 'யாவத்தாவத்' என்று சொல்லி 'யா' என்று சுருக்குகிறது. தெரியாதவை பலவானால் அடுத்தடுத்து நிறங்களின் பெயர்கள்: 'கா' கறுப்பு, 'நீ' நீலம். ஓரினத்தைக் கூட்டலாம், கழிக்கலாம். வேற்றினத்தைத் தனித்தனியே வைக்க வேண்டும் என்பது அதிலுள்ள விதி. அவருக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் முந்தியவரான பிரம்மகுப்தரும் 628-இல் இதைச் சொல்லியிருக்கிறார்.

மூன்று மாங்காயும் இரண்டு தேங்காயும் சேருமா என்று கேட்டு ஒத்த உறுப்புகளை விளக்கும் ஆசிரியர்கள் உண்டு. அன்றைய பாடம் ஓடிவிடும். வர்க்கம் வந்ததும் மாட்டிக்கொள்வார்கள்: மாங்காயை மாங்காயால் பெருக்கினால் என்ன வரும்? மாறி என்பது பொருள் அல்ல, எண். அட்டையை வெட்டிக் காட்டுவது மேல். பக்கம் யா உள்ள சதுரம் யா². நீளம் யா, அகலம் 1 உள்ள பட்டை யா. பக்கம் 1 உள்ள சிறு சதுரம் 1. துண்டுகளை வகை பிரித்து எண்ணினால் கூட்டல் முடிந்தது.

மதிப்பெண் பறிபோவது கழித்தலில்தான்.

(5யா² + 3யா − 4) − (2யா² − யா + 6)

இதற்குப் பலர் எழுதும் விடை 3யா² + 2யா + 2. நடுவிலுள்ள கழித்தல் குறி முதல் உறுப்போடு ஓய்ந்துவிட்டது. அது அடைப்புக்குள் இருக்கும் மூன்றுக்கும் உரியது. −யா-வைக் கழித்தால் ஏன் +யா ஆகிறது என்பதற்கும் பிரம்மகுப்தரிடமே போகலாம். மிகை எண்ணை அவர் தனம் என்றார், குறை எண்ணைக் கடன் என்றார். கடனைக் கழித்துவிட்டால் கையிருப்பு கூடத்தானே செய்யும்? குறிகளை மாற்றி எழுதினால்:

5யா² + 3யா − 4 − 2யா² + யா − 6 = 3யா² + 4யா − 10

விடை சரியா என்று பார்க்க யா-வுக்கு 2 போடலாம். முதல் கோவை 22, இரண்டாவது 12, மீதி 10. சரியான விடையும் 10 தருகிறது; தவறானது 18. சுலபம் என்று 1 போட்டுப் பார்க்கும் பழக்கத்தை ஆசிரியர்கள் தடுப்பது நல்லது. 3யா² + 2யா என்பதை 5யா³ என்று எழுதிய மாணவருக்கு, 1 போட்டால் இரண்டு பக்கமும் 5 வந்து தவறு தப்பிவிடும். 2 போட்டால் ஒரு பக்கம் 16, மறுபக்கம் 40.