"அதான் அவருக்குத் தெரியுமே!"

1988 ஜூலை 6. ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரிலிருந்து சுமார் 190 கிலோமீட்டர் தள்ளி, வட கடலில் நின்ற பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை. பகல் ஷிப்டில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைச் சோதனைக்காகக் கழற்றினார்கள். மாலை 6 மணிக்குள் வேலை முடியவில்லை. திறந்திருந்த குழாய் வாயில் ஒரு மூடித்தகட்டைப் பொருத்திவிட்டு, மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினார்கள். ஷிப்ட் மாறியது. வால்வு இல்லை என்ற செய்தி மட்டும் கைமாறவில்லை.

இரவு 9.45 மணியளவில், ஓடிக்கொண்டிருந்த மற்றொரு பம்ப் நின்றுபோனது. இரவு ஷிப்ட்காரர்கள் பகலில் நிறுத்திவைத்த பம்பை ஓட்ட முடிவுசெய்தார்கள். அதன் பராமரிப்பு வேலை இன்னும் தொடங்கவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே ஓட்டலாம் என்று நம்பினார்கள். வால்வு வேலைக்கு எழுதிய அனுமதிச் சீட்டு (பர்மிட்) வேறொரு தாள்; அது அவர்கள் கண்ணில் படவில்லை. மூடித்தகடோ பம்ப் அருகில் நிற்பவர் கண்ணுக்குப் படாத உயரத்தில் இருந்தது. பம்பை ஓட்டியதும் அந்த வாயில் வாயு கசிந்தது. 10 மணிக்கு முதல் வெடிப்பு. மேடையில் இருந்த 226 பேரில் 61 பேர் பிழைத்தார்கள். மீட்கப் போன 2 பேரையும் சேர்த்து 167 உயிர்கள் போயின.

தீ அந்த அளவுக்கு வளர வேறு காரணங்களும் இருந்தன. பக்கத்து மேடைகள் உடனே குழாயை அடைக்கவில்லை. தீயணைப்பு பம்புகள் தானாக இயங்கும் நிலையில் இல்லை. ஆனால் தொடக்கம், ஷிப்ட் மாறிய அந்தச் சில நிமிடங்கள்தான். கல்லன் பிரபுவின் விசாரணை அறிக்கை 1990இல் இதை விரிவாகச் சொன்னது. இதைவிட என் மனதை அறுப்பது வேறொன்று. அதே மேடையில் 1987 செப்டம்பரில் ஒரு தொழிலாளி இறந்திருந்தார். அப்போதும் பர்மிட்டிலும் ஷிப்ட் ஒப்படைப்பிலும் இருந்த குறைதான் காரணம். பத்தே மாத இடைவெளி.

வாரக்கணக்கில் ஒன்றாக உண்டு உறங்கி வேலை பார்த்தவர்களுக்கிடையே எப்படி இது விட்டுப்போகும் என்று தோன்றலாம். நெருக்கமே இதில் ஓர் ஆபத்து. உளவியலாளர் கென்னத் சவிட்ஸ்கியும் சக ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், எதிரே இருப்பவர் கண்ணுக்குத் தெரியாத பொருளை அவர் கேட்கிறார் என்று தவறாக எண்ணுவது, அந்நியர்களைவிட நண்பர்களிடம் அதிகமாக இருந்தது. அந்நியரிடம் நாம் யோசித்துச் சொல்கிறோம். நண்பரிடம், நமக்குத் தெரிந்தது அவருக்கும் தெரியும் என்று விட்டுவிடுகிறோம்.

நம் ஆலை வாசல்களிலும் மருத்துவமனை வார்டுகளிலும் இதைத் தினமும் பார்க்கலாம். வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது. ஒரு கையில் டிபன் பாக்ஸ், தோளில் பை. "எல்லாம் வழக்கம்போலத்தான், பார்த்துக்கோ." பதிலுக்கு ஒரு தலையாட்டல். பத்து வருடப் பழக்கம்; இதற்கு மேல் கேட்டால் நண்பரைச் சந்தேகிப்பதுபோல் ஆகிவிடும் என்று இருவருக்கும் கூச்சம்.

இதை மாற்ற முடியும். அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள 9 மருத்துவமனைகள், ஷிப்ட் ஒப்படைப்பை வரிசைப்படி சொல்லி, கேட்டவர் வாயால் திருப்பிச் சொல்லும்படி மாற்றின. மருத்துவப் பிழைகள் 23 விழுக்காடு குறைந்ததாக 2014இல் வெளியான ஆய்வு காட்டியது.

இன்று வேலை முடிந்து கிளம்பும்போது, பாதியில் நிற்கும் வேலை எது என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள். அடுத்து வருபவர் உங்கள் உயிர் நண்பர் என்றால், அவர் அதைத் திருப்பிச் சொல்லும்வரை நில்லுங்கள். பஸ் இரண்டு நிமிடம் காத்திருக்கட்டும்.