இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான கூடைப்பந்துப் போட்டி

இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான கூடைப்பந்துப் போட்டி என்பது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கத்தின் சார்பில் நடத்தப்படும் மாணவர் விளையாட்டுத் தொடர் ஆகும். ஆடவர், மகளிர் பிரிவுகள் தனித்தனியே நடைபெறுகின்றன. ஐக்கிய அமெரிக்காவில் ‘கான்பரன்ஸ்’ எனப்படும் கல்லூரிக் குழுமங்கள் நடத்தும் வாகையர் போட்டிக்கு இத்தொடரின் மண்டலப் போட்டி ஒப்பானது. ஆனால் அமெரிக்காவில் ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தன் அணியுடன் களமிறங்குகிறது; இந்தியாவில் பல்கலைக்கழகமே அணியை அனுப்புகிறது. ஆகவே ஒரு மாணவர் எந்த அணியில் இடம்பெற முடியும் என்பது அவரது கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்துடன் இணைந்துள்ளது என்பதைப் பொறுத்தது.

வரலாறு

கூடைப்பந்தாட்டம் 1891 ஆம் ஆண்டு டிசம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவரால் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலிருந்த கிறித்தவ இளைஞர் சங்கப் பயிற்சிப் பள்ளியில் உருவாக்கப்பட்டது. அச்சங்கத்தின் வழியாகவே இவ்விளையாட்டு இந்தியாவுக்கு வந்தது. அதே பள்ளியில் பயின்ற ஹாரி குரோ பக், 1920 இல் சென்னையில் உடற்பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அது பின்னர் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியாக வளர்ந்தது.

முதல் தேசிய கூடைப்பந்து வாகையர் போட்டி 1934 இல் புது தில்லியில் நடைபெற்றது. இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 1950 இல் அமைந்தது. பல்கலைக்கழகங்களின் சங்கம் 1925 இல் ‘பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான வாரியம்’ என்ற பெயரில் தோன்றி, 1973 இல் இன்றைய பெயரைப் பெற்றது. விளையாட்டில் ஒட்டுமொத்தமாகச் சிறந்து விளங்கும் பல்கலைக்கழகத்துக்கான மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை 1956-57 முதல் வழங்கப்பட்டு வருகிறது.

போட்டி முறை

முதற்படியில், ஒரு பல்கலைக்கழகத்துடன் இணைந்த கல்லூரிகள் தமக்குள் மோதுகின்றன. அதன்பின் பல்கலைக்கழக அணி தேர்வு செய்யப்படுகிறது. இரண்டாம் படியில் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு ஆகிய நான்கு மண்டலங்களின் போட்டிகள் நடைபெறுகின்றன. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் தென்மண்டலத்தில் ஆடுகின்றன. தோற்ற அணி வெளியேறும் சுற்றுகளுக்குப் பின், எஞ்சும் நான்கு அணிகள் லீக் முறையில் மோதுவது வழக்கம். மண்டலத்தில் முன்னிலை பெறும் அணிகள் மூன்றாம் படியான அனைத்திந்தியப் போட்டிக்குத் தகுதி பெறுகின்றன.

அமெரிக்க முறையுடன் ஒப்பீடு

அமெரிக்காவின் தேசியக் கல்லூரி வாகையர் போட்டி 1939 இல் 8 அணிகளுடன் தொடங்கியது. நெடுங்காலம் ஒரு குழுமத்திலிருந்து ஓர் அணி மட்டுமே அதில் ஆட முடிந்தது. அட்லாண்டிக் கடற்கரைக் குழுமம் 1954 முதல் நடத்திவரும் போட்டியில் வெல்லும் அணியே அவ்வாய்ப்பைப் பெற்றது. 1974 ஆம் ஆண்டின் இறுதியாட்டத்தில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் கூடுதல் நேரத்தில் 103-100 என்ற கணக்கில் மேரிலாண்டை வென்றது. அவ்வாண்டு தேசிய வாகையராகவும் ஆனது. நாட்டின் தலைசிறந்த அணிகளுள் ஒன்றாகக் கருதப்பட்ட மேரிலாண்டோ, மூன்று புள்ளிகளில் தோற்றதால் தேசியப் போட்டியில் ஆட இயலவில்லை. அடுத்த ஆண்டே தேசியப் போட்டி 32 அணிகளாக விரிவாக்கப்பட்டு, ஒரு குழுமத்திலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட அணிகள் இடம்பெற வழி செய்யப்பட்டது. இந்திய மண்டல முறையிலும் மண்டல வாகையர் மட்டுமன்றி அடுத்த இடங்களைப் பெறும் அணிகளும் முன்னேறுகின்றன.

வேலூர் வட்டாரம்

இணைப்பு முறையின் விளைவை வேலூர் வட்டாரத்தில் தெளிவாகக் காணலாம். தோல் தொழிலுக்குப் பெயர்பெற்ற இப்பகுதியில் வாணியம்பாடி இசுலாமியா கல்லூரி (1919), மேல்விசாரம் சி. அப்துல் அக்கீம் கல்லூரி (1965), ஆம்பூர் மஸ்கருல் உலூம் கல்லூரி (1969) ஆகியன உள்ளன. மேல்விசாரம் கல்லூரி, தோல் வணிகரும் கொடையாளருமான அப்துல் அக்கீமின் பெயரைத் தாங்கியுள்ளது. இவற்றுடன் வேலூர் ஊரிசுக் கல்லூரி (1898), திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி (1951), காட்பாடி ஆக்சீலியம் மகளிர் கல்லூரி (1954) ஆகியனவும் முன்பு சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்திருந்தன. 2002 இல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபின் அதன்கீழ் வந்தன.

ஏனைய கல்லூரிகள் வேறு வழிகளில் பிரிந்தன. கிறித்தவ மருத்துவக் கல்லூரி, தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. தந்தை பெரியார் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்துள்ளது. 1984 இல் வேலூர் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கப்பட்ட வி.ஐ.டி., 2001 இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது.

இதனால் ஒரே நகரின் மாணவர்கள் நான்கு வெவ்வேறு பல்கலைக்கழகங்களுக்காக ஆடுகின்றனர். வி.ஐ.டி. மாணவர் தம் நிறுவன அணியில் இடம்பெற்றாலே தென்மண்டலப் போட்டிக்குச் செல்லலாம். ஆம்பூர் மாணவரோ தம் கல்லூரி அணியில் இடம்பிடித்தபின், பல கல்லூரிகளின் ஆட்டக்காரர்களுடன் போட்டியிட்டுப் பல்கலைக்கழக அணிக்கும் தேர்வாக வேண்டும். கூடைப்பந்து அணியில் களத்தில் ஆடுவோர் ஐவர்; மாற்று ஆட்டக்காரர்களையும் சேர்த்து மொத்தம் 12 பேர் மட்டுமே. பல்கலைக்கழகத்தின்கீழ் எத்தனை கல்லூரிகள் இருப்பினும் இவ்வெண்ணிக்கை கூடுவதில்லை. எனவே கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் வாகை சூடும் அணி அப்படியே மண்டலப் போட்டிக்குச் செல்வதில்லை. அவ்வணியின் ஆட்டக்காரர் சிலர் இப்படியிலேயே நின்றுவிடுவதும் உண்டு. அதேவேளை, தோற்ற கல்லூரியின் திறமையான மாணவர் ஒருவர் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகவும் இம்முறை இடமளிக்கிறது. அமெரிக்க முறையில் இவ்வாய்ப்பு இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.