உலையேறுமுன் ஒரு பிடி

சப்பிரகமுவையின் ரப்பர்த் தோட்டமொன்றிலே, மழைவிடாத மாலைப்பொழுதில், லயத்து வீட்டின் அடுப்பில் உலை கொதிக்கின்றது. இல்லத்தலைவி அரிசியைச் சுண்டினால் அளந்து சுளகிலே கொட்டி, களையுமுன் அதிலிருந்து ஒரு பிடியை அள்ளி, ஆலயத்திற்கென மூலையிலிருக்கும் தகர டின்னிலே போட்டு மூடுகின்றாள். தமிழ்க் கிறிஸ்தவ இல்லங்கள் நெடுநாளாக அறிந்த இவ்வழக்கத்திற்குப் பிடியரிசிக் காணிக்கை என்று பெயர்.

இதன் பின்னே நிற்கும் தத்துவத்தை வேதபோதகர்கள் 'உக்கிராணத்துவம்' என்பர். உக்கிராணமென்பது களஞ்சியம், உக்கிராணக்காரன் கையிலே திறவுகோல் உண்டு, பொருளோ எஜமானுடையது, ஒருநாள் கணக்கு ஒப்புவித்தே தீரவேண்டும். தான் பால்வெட்டும் மரமும் தான் உறங்கும் காம்பராவும் தனக்குரியவையல்ல என்பதைப் பிறந்தநாள் முதல் அறிந்த தொழிலாளிக்கு இவ்வுபதேசம் விளங்காததன்று. ஆயினும், உடைமையற்றவனைச் சாந்தப்படுத்தும் மருந்தாக இதனைப் பிரயோகிப்பது அநியாயம். அதிகம் பெற்றவனிடத்திலேயே அதிகம் கேட்கப்படும் என்பதன்றோ இயேசுநாதரின் நியாயம்!

எனினும், குறைவாய்ப் பெற்றவனும் கொடுக்கத்தக்கவனே என்பது ஆரம்பத்தில் உணரப்படவில்லை. மலைநாட்டுத் தோட்டங்களிலே 1854இல் தமிழ்க் கூலி மிஷன் ஆரம்பமானபோது, துரைமார் பொருளுதவி செய்தனர், திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் வந்தனர். தொழிலாளியோ பெறுபவனாகவே எண்ணப்பட்டான், அந்த மிஷனின் பெயரிலும் அவன் 'கூலி'யாகவே நின்றான். பின்னர், 1902இல் யாழ்ப்பாணத்திற்கு வந்த தென்னிந்தியக் கிறிஸ்தவ ஊழியரான வேதநாயகம் சாமுவேல் அசரியா, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் சொந்தப் பணத்தினால் தென்னிந்தியாவின் தொண்டிப் பகுதிக்கு ஊழியரை அனுப்பியதைக் கண்டு உள்ளம் அசைந்தார். அடுத்த ஆண்டே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது. 1912இல் தோர்ணக்கல் அத்தியட்சகரான அவர், மிக வறிய கிராமச் சபைகளுக்கும் கொடுத்தலைப் போதித்ததோடு, அதைப்பற்றி ஒரு நூலும் இயற்றினார். ஏழையிடம் கேட்பது கொடுமையென்று இரங்கி விலகுவோர், அவனிடமிருந்து கொடுக்கும் பாக்கியத்தையும் பறித்துவிடுகின்றனர் என்பதே அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துவது.

இவ்வுண்மையைக் கண்ணாரக் காணவேண்டின் அறுப்பின் பண்டிகைக்குச் செல்லவேண்டும். ஆராதனை முடிந்ததும், பலாக்காய், ஈரப்பலா, தேங்காய், வாழைக்குலை, சிறுபிள்ளை பொத்திக் கொண்டுவந்த இரண்டு முட்டை ஆகியவை ஆலய வாசலிலே ஏலத்துக்கு வரும். ஒருவர் கேட்க, மற்றவர் ஏற்ற, பலாக்காய் கடைவிலையினும் மும்மடங்கிற்குப் போகும். வாங்கியவரோ அதனை வீட்டிற்குக் கொண்டுபோகாமல், 'திரும்பவும் ஏலம் போடுங்க ஐயா' என்று மேசைமேலேயே வைத்துவிடுவார். மழையினால் பால்வெட்டு நின்ற நாட்களிலே, செக்ரோல் என்னும் வேலைப்பதிவேட்டில் தன் பேர் விழுமோ, அரைநாட் கூலிக்குரிய அரைப்பேராய்ப் போகுமோ என்று கலங்கி நின்ற மனிதனின் பெயரை, கொடுத்தவன் பெயராக, அன்று ஊரார் கேட்க ஏலங்கூறுபவர் மும்முறை சொல்லுகின்றார்.