மரமும் கண்ணாடியும் கைகோத்தால்

கண்ணாடி என்றவுடன், கைதவறி விழுந்து நொறுங்கிய குவளைதான் நம் நினைவுக்கு வரும். அந்தக் கண்ணாடியைப் பலகையின் அடியில் ஒட்டி, அதன்மீது ஏறி நின்று வேகமாகச் செல்லலாம் என்றால் நம்ப இயலுமா? ஸ்கேட்போர்டு எனப்படும் சறுக்குப்பலகையை வீட்டிலேயே செய்வோர் பலர் இம்முறையைக் கையாள்கின்றனர். அதன் காரணத்தையும் செய்முறையையும் இப்பாடத்தில் காண்போம்.

1950களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், அலைச்சறுக்கு விளையாடியோர் அலையில்லாத நாள்களில் மரப்பலகையில் சக்கரங்களைப் பொருத்தித் தெருவில் சறுக்கி மகிழ்ந்தனர். இன்று கடைகளில் விற்கப்படும் சறுக்குப்பலகைகள் பெரும்பாலும் மேப்பிள் மரத்தின் ஏழு மெல்லிய ஏடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்யப்படுகின்றன. வீட்டில் செய்வோர் பிளைவுட்டைப் பயன்படுத்துவதுண்டு. பலகை மெல்லியதாயின் முறியும்; தடித்ததாயின் கனக்கும். இவ்விரு குறைகளையும் நீக்கவே கண்ணாடியிழை துணைக்கு வருகிறது.

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். நீண்ட அழிப்பான் ஒன்றின் பக்கவாட்டில் குறுக்குக் கோடுகள் வரைந்து, அதன் நடுப்பகுதி தாழுமாறு வளையுங்கள். மேற்புறத்தில் கோடுகள் நெருங்கும், அடிப்புறத்தில் விலகும். நாம் ஏறி நிற்கும் பலகைக்கும் இதுவே நிகழ்கிறது. மேற்புறம் அழுத்தப்படுகிறது, அடிப்புறம் இழுக்கப்படுகிறது. அளவுக்கு மீறி இழுக்கப்படும்போது விரிசல் அடிப்புறத்தில் தொடங்கும். ஆகவே அடிப்புறத்திற்கே பாதுகாப்பு மிகுதியாகத் தேவைப்படுகிறது.

கண்ணாடியை உருக்கி, தலைமயிரைவிட மெல்லிய இழைகளாக இழுத்து, துணியாக நெய்கின்றனர். குவளையை உடையச் செய்பவை அதன் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய கீறல்களே. மெல்லிய இழைகளில் அத்தகைய குறைகள் மிகக் குறைவு. எனவே அவை இழுவிசையை நன்கு தாங்குகின்றன. ஆனால், துணி தனியே இருந்தால் தொய்ந்து கிடக்கும். அதனை மரத்தோடு பிணைப்பது எப்பாக்சி பிசின். இழை, பிசின், மரம் ஆகிய மூன்றும் ஓருடலானால்தான் பலகைக்கு வலிமை உண்டாகும்.

செய்முறை எளியது, பொறுமைதான் பெரிதும் வேண்டும். முதலில் பலகையை உப்புத்தாளால் தேய்த்து, தூசியை முற்றிலும் துடைக்க வேண்டும். தூசியோ எண்ணெய்ப் பசையோ எஞ்சியிருந்தால் பிசின் மரத்தைப் பற்றாது. பின்னர், துணியைப் பலகையைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டிக்கொள்ள வேண்டும்.

பிசினையும் அதனை இறுகச் செய்யும் ஹார்ட்னரையும், கலனில் குறிக்கப்பட்ட விகிதப்படி அளந்து நன்றாகக் கலக்க வேண்டும். விரைவில் இறுகட்டும் என்று ஹார்ட்னரைக் கூடுதலாகச் சேர்ப்பது தவறு. அளவு பிறழ்ந்தால் பிசின் சரியாக இறுகாது. கலக்கும்போது வெப்பமும் உண்டாகும். எனவே சிறிது சிறிதாகக் கலந்து, உடனுக்குடன் பயன்படுத்துதல் நன்று.

மரத்தின்மீது மெல்லிய பிசின் பூச்சு இட்டு, அதன்மேல் துணியை விரித்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கிப் பிசினைத் தள்ளிப் பரப்ப வேண்டும். வெண்ணிறத் துணி பிசினில் ஊறியதும் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். வெண்மை தோன்றும் இடம், பிசின் சேராத இடமாகும். குமிழ்கள் இருப்பின் அவற்றையும் ஓரத்திற்குத் தள்ளி நீக்க வேண்டும். தேவைக்கு மிகுந்த பிசினை வழித்தெடுக்க வேண்டும். அது எடையைக் கூட்டுமேயன்றி வலிமையைக் கூட்டாது. பிசின் இறுகிய பின்னர் ஓரங்களை வெட்டிச் சீராக்கி, சக்கரங்களைப் பொருத்தலாம்.

இறுகாத பிசின் தோலில் பட்டால் ஒவ்வாமை உண்டாகலாம். இறுகிய பரப்பைத் தேய்க்கும்போது எழும் தூசி கண்ணையும் மூச்சுக்குழலையும் உறுத்தும். ஆகவே கையுறை, கண்ணாடிக் கவசம், முகக்கவசம் ஆகியவற்றை அணிந்து, காற்றோட்டமான இடத்தில், பெரியவர்களின் துணையோடு மட்டுமே இப்பணியைச் செய்ய வேண்டும்.

விடுமுறைக்குத் தமிழ்நாட்டின் கடற்கரை ஊர்களுக்குச் செல்வோர், மணலில் நிறுத்தப்பட்டிருக்கும் ஃபைபர் படகுகளைக் கண்டிருப்பீர்கள். அப்படகுகளும் கண்ணாடியிழையும் பிசினும் சேர்ந்து உருவானவையே.

துணியின் அடியில் மறைந்த தூசியை, பணி முடிந்தபின் யாரும் காண முடியாது. ஆனால் பலகை அதனை மறைக்காது. ஓட்டுபவர் வேகமாகச் செல்லும் வேளையில், ஒட்டாத இடத்திலிருந்து துணி உரியத் தொடங்கும். பிணைப்பு விட்ட பலகை அவரது எடையைத் தாங்காமல் முறியவும் கூடும். பிறர் கண்ணுக்குத் தெரியாத வேலையையும் செம்மையாகச் செய்பவரே நல்ல தொழிலாளர்.

சிந்தித்து எழுதுக:
1. கண்ணாடியிழைத் துணி பலகையின் அடிப்புறத்திற்கு மிகவும் தேவைப்படுவது ஏன்?
2. பிசின் சேராத இடத்தை எவ்வாறு கண்டறியலாம்?
3. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் செம்மையாகச் செய்ய வேண்டிய வேறொரு பணியைக் குறித்து ஐந்து தொடர்கள் எழுதுக.