பெற்றோல் பம்ப் வாங்கும் முன்

சீனன்குடா என்றதும் பிரித்தானியர் காலத்து 99 எண்ணெய்த் தாங்கிகள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அவற்றின் பக்கத்தில் வாழும் நாங்களும் 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்றோம். கியூஆர் முறையில் ஒரு காருக்கு வாரம் 20 லீற்றர். தாங்கியின் அடியில் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு ஓடும் பழக்கம் அன்று பலருக்கு வந்தது. நெருக்கடி தீர்ந்த பிறகும் அது போகவில்லை.

இன்ஜெக்ஷன் கார்களில் மின்சாரப் பம்ப் தாங்கிக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது. அதைக் குளிர வைப்பதே சுற்றியுள்ள பெற்றோல்தான். பெற்றோல் எப்போதும் குறைந்தே இருந்தால் சூடு கூடிப் பம்பின் ஆயுள் குறையும். கால் தாங்கிக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

நான் உதிரிப்பாகம் விற்பவன். "நானா, பம்ப் ஒன்று தாங்க" என்று வருபவரிடம், "பம்ப்தான் பழுது என்று பார்த்தாச்சா?" என்று கேட்பேன். பொருத்திய மின்சாமானை எந்தக் கடையும் இலேசில் திருப்பி எடுக்காது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025இல்தான் மீண்டும் வழி திறந்தது. அதனால் பழைய கார்களையே பழுதுபார்த்து ஓட்டுகிறோம். தவறான பாகத்துக்குக் கொடுக்கும் காசு வீட்டுச் செலவில் விழும் அடி.

சாவியை 'ஓன்' நிலைக்குத் திருப்பினால் பல கார்களில் பின்பக்கம் ஓரிரு விநாடி மெல்லிய இரைச்சல் கேட்கும். கேட்கவில்லையா? முதலில் ஃபியூஸ், ரிலே, பிறகு பம்புக்கு மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். மின்சாரம் வந்தும் ஓடாவிட்டால்தான் பம்பில் சந்தேகம்.

இஞ்சின் நன்றாக ஓடி, மீற்றர் முள் மட்டும் பொய் சொன்னால் பெரும்பாலும் பம்பில் குறையில்லை. அளவு காட்டும் மிதவையின் கை உரசும் தடம் தேய்ந்திருக்கலாம். வயரையும் பார்க்க வேண்டும். மிதவையைக் கையால் உயர்த்தி இறக்கி மல்டிமீற்றரில் பார்த்தால் தெரிந்துவிடும்.

தாங்கியை இறக்கச் சம்மதிக்கும் முன் பின் இருக்கையைத் தூக்கிப் பாருங்கள். விட்ஸ், கொரோலா போன்ற பல கார்களில் அதன் அடியில் ஒரு மூடி இருக்கும். அதைக் கழற்றினால் பம்பும் மிதவையும் ஒன்றாக வெளியே வரும். மூடி இல்லாத கார்களில் தாங்கியை இறக்கத்தான் வேண்டும். கூலியை மிச்சப்படுத்தத் தகட்டை வெட்ட விடாதீர்கள். ஒரு தீப்பொறி போதும்.

வேலை காற்றோட்டமான இடத்தில் நடக்கட்டும். பம்ப் ஃபியூஸைக் கழற்றி, இஞ்சினை ஓடவிட்டுத் தானாக நின்றால் குழாயின் அழுத்தம் குறையும். பிறகு பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்ற வேண்டும். சிகரெட், சூடான பல்பு பக்கத்தில் வரக்கூடாது. மூடியைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்த பிறகே திறக்க வேண்டும். மிதவையின் கை வளையாமல் சரித்து எடுக்க வேண்டும். பூட்டும்போது புது றப்பர் வளையம் போடுங்கள். இல்லாவிட்டால் பெற்றோல் வாடை காருக்குள் வரும்.

பல கார்களுக்கு முழுத் தொகுதியும் தேவையில்லை. உள்ளே இருக்கும் மோட்டாரையும் அடி வடிகட்டியையும் மாற்றினாலே போதும். கழற்றிய பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்குங்கள். விற்பவனுக்கும் அதுதான் நிம்மதி. தேவையில்லாத சாமானை விற்றால் இலாபம் ஒருநாள்தான். வாடிக்கையாளர் மறுபடி வரமாட்டார்.